ஊர் ஒரே வீடாக இருந்த காலம்

உசிலங்கரையில் மின்சாரம் ஊருக்குள் இருந்தது போதும் என்று முடிவுசெய்து எல்லைக்குப் போய்க் குடியேறிய அன்று காலை, ஊர்த்தலைவர் தவசியாண்டி பாதி முகத்துக்குச் சோப்பு நுரை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி ஓய்ந்தது, அடுப்படியில் அவர் மனைவி மயிலம்மா அரைத்துக்கொண்டிருந்த சட்னி மிக்சிக்குள்ளேயே பாதியில் நின்றது, தெருக்கோடியில் மாவு மில்லின் இரைச்சல் அடங்கியது, அடங்கிய பிறகுதான் அப்படி ஓர் இரைச்சல் இத்தனை வருடமும் ஊரில் இருந்துகொண்டே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கரண்டு போவதும் வருவதும் அந்தப் பக்கத்தில் புதிதில்லை. தவசியாண்டி மிச்சப் பாதி முகத்தையும் மழித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

லயன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார், டிரான்ஸ்பார்மர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார், எல்லாம் சரியாகவே இருந்தது. "ஊர் வாசல் வரைக்கும் வருதுய்யா, அதுக்கு மேல உள்ள வரமாட்டேங்குது," என்றார், மாமனார் வீட்டு வாசலில் முறுக்கிக்கொண்டு நிற்கிற புது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. உள்ளே வராதது எங்கேதான் போனது என்பது சாயங்காலம் தெரிந்தது. கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, உயிர் போன செல்போனை எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தாள். குடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், போன் வயிறு நிறையச் சார்ஜ் ஏறிக் கிடந்தது. அவள் அதை ஊருக்குள் வந்து சொன்னாள், யாரும் நம்பவில்லை, நம்பாதவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பல்பைக் கழற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்கள்.

கரையில் பல்பை வைத்தார்கள், எரிந்தது. கருவேலங்காட்டின் ஓரத்தில் வைத்தார்கள், சுடுகாட்டுச் சுவரில் வைத்தார்கள், தார்ச்சாலைப் பாலத்தடியில் வைத்தார்கள், உசிலங்கரை என்ற ஊர் எங்கெல்லாம் முடிகிறதோ அங்கெல்லாம் பல்பு எரிந்தது, ஓரத்தை விட்டு ஒரு முழம் உள்ளே கொண்டுவந்தால் அணைந்தது, ஒரு முழம் வெளியே கொண்டுபோனாலும் அணைந்தது. தொட்டவர்களுக்கு ஷாக் அடிக்கவில்லை, வெறுங்கையில் மீன்குஞ்சு நழுவுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு மட்டும் இருந்தது. ஊரை வலமாகச் சுற்றி நடந்தவர்கள் கையில் பல்பு வெள்ளையாகவும், இடமாகச் சுற்றி நடந்தவர்கள் கையில் மஞ்சளாகவும் எரிந்தது. எதிரெதிரே வந்த வெள்ளையும் மஞ்சளும் ஒரே வரப்பில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, இடிக்காமல், கலங்காமல், தத்தம் வழியில் போயின. குறுக்கே பாறாங்கல்லை உருட்டிப் போட்டார்கள், ஒளி கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. பள்ளம் வெட்டினார்கள், பள்ளத்தின் ஓரமாக இறங்கி ஏறிப் போனது. முள்ளை வெட்டிக் குவித்தார்கள், முள்ளின் நுனிநுனியாக ஒளிர்ந்துகொண்டு போனது. எதில் முட்டினாலும் திரும்பி வருகிற புத்தி மட்டும் அதற்கு இல்லை. தவசியாண்டி கரையின்மேல் நின்று அதைப் பார்த்தார், அவர் பிறந்து வளர்ந்து ஆண்ட ஊரின் முழு உருவத்தையும் ஒளியால் வரைந்த ஒரே கோடாக அன்றுதான் முதல்முறை பார்த்தார், ஊர் இவ்வளவு அழகா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

மனிதர்களுக்குப் பழகுவதற்கு எவ்வளவு நாள் வேண்டும்? அடுத்த வாரமே பெண்கள் மிக்சியைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தார்கள், பிள்ளைகள் பாலத்தடியில் பாடம் படித்தார்கள், ஆண்கள் டிவியைச் சுடுகாட்டுச் சுவருக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே புதைந்திருந்த பெரியவர்களுக்கும் சேர்த்துக் கிரிக்கெட் போட்டுக் காட்டினார்கள். ஒரு கல்யாண வரவேற்பு கண்மாய்க்கரையிலேயே நடந்தது. சுற்றிவரும்போது மாப்பிள்ளை இடப்பக்கமாக நடந்து மஞ்சளாக எரிந்துவிட்டார் என்று பெண் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் அதில் வந்த ஒரே மனக்கசப்பு. ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் கேட்டுக்கொண்டே வரிசையில் நின்று போனுக்குச் சார்ஜும் ஏற்றிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் கரையிலிருந்து திரும்பி வருகிறபோதுதான், இருட்டத் தொடங்கியிருந்த நடுத்தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் சுற்றுச்சுவர் முழுக்கப் பால்போல ஒளிர்ந்துகொண்டு நிற்பதைத் தவசியாண்டி பார்த்தார். அது அவருடைய தங்கை வெள்ளத்தாயின் வீடு. அவருக்குக் காரணம் உடனே புரிந்தது.

வெள்ளத்தாய் ஊரில் சேர்த்தியில்லை. பல வருடங்களுக்கு முன்னால், கண்மாய் மீன் ஏலத்தைப் பற்றித் தாசில்தாரிடம் மனுக் கொடுத்ததற்காக ராக்கு என்பவளின் குடும்பத்தை ஊர் தள்ளி வைத்தது. தள்ளி வைத்தால் அவர்களோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கிடையாது, கோயிலில் திருநீறு கிடையாது, அவர்களோடு ஒரு வார்த்தை பேசியவரும் அவர்களில் ஒருவர், இதுதான் உசிலங்கரையின் சட்டம். அந்த ராக்குவின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்த அன்று, சுடுகாட்டு வழியில் ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, ராக்குவின் பள்ளித்தோழி வெள்ளத்தாய் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு "அழாதடி" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் சாவடியில் ஊர் கூடியது, தலைவர் தவசியாண்டி, தாய் தகப்பன் இல்லாமல் தோளில் தூக்கி வளர்த்த தங்கையைப் பார்க்காமல் சாவடித் தூணைப் பார்த்துக்கொண்டு, "இன்னையிலேர்ந்து வெள்ளத்தாய் ஊர்ல சேர்த்தியில்லை" என்று தன் வாயால் சொன்னார். சொந்தத் தங்கை என்று விட்டுவிட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று அவருக்கு அப்போது தோன்றியது. சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழியும் வைத்திருந்தார்கள், அவள் விழவில்லை. ராக்குவின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. வெள்ளத்தாய் மட்டும் நடுத்தெருவிலேயே இருந்து, டவுன் தையல்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசுவாரில்லாமல், கேட்டு வந்த ஒன்றிரண்டு மாப்பிள்ளைகளும் விவரம் தெரிந்து திரும்பிப் போய்விட, அப்படியே வயதானாள்.

தவசியாண்டி தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் சாவடிக்குப் போவார். தினமும் இன்றைக்குப் பேசிவிடலாம் என்று நினைப்பார், வாசல் வரும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு கடந்துவிடுவார். 'அண்ணே' என்று அவள் கூப்பிட்டுக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. அந்தச் சத்தம் மறந்துபோய்விடுமோ என்பதுதான், அவர் யாரிடமும் சொல்லாத பயம்.

அந்த வீடுதான் இப்போது ஒளிர்ந்தது. ஊருக்கு வெளியே இருக்கிறவள் வீடு ஊருக்கு நடுவில் இருந்தாலும் அதன் சுவர் ஊரின் எல்லைதான். சாவடியில் தவசியாண்டி சொன்ன சொல்லை ஊர்க்காரர்கள் ஒப்புக்குக் கேட்டுக்கொண்டார்கள், மின்சாரம்தான் அதை நிசமாகவே நம்பியது.

விஷயம் கேள்விப்பட்டு மதுரைப் பக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஜெசிந்தா என்ற இளம்பெண் பெட்டியும் வயருமாக ஜீப்பில் வந்து இறங்கினாள். வெளியூர்க்காரி, அவளுக்கு ஊர்ச்சட்டம் இல்லை. நேரே வெள்ளத்தாய் வீட்டுக்குப் போய்ச் சுவரில் நாலு ஊசியைக் குத்தி அளந்தாள், வெள்ளத்தாய் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தாள், இரண்டு பேரும் சிரித்துப் பேசிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பிறகு சாவடிக்கு வந்து, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த சாம்பல்நிறப் படிகத்துண்டு ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். அது கண்ணாடியாக மின்னியது.

"இது உலையில நாங்களே வளர்க்கிற கல்லுங்கய்யா. இதுக்கு உள்ளுக்குள்ள கரண்டு ஓடாது, மேல் தோல்ல மட்டும்தான் ஓடும். இந்தா பாருங்க," என்று கல்லின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தாள், மெல்லிய ஏடு ஒன்று நாடாவோடு வந்தது, அடியில் இன்னொரு கண்ணாடி மின்னியது. "உள்ள இருந்தது இப்ப வெளிய வந்துருச்சுல்ல, இப்ப இதுதான் தோலு, இதுல ஓடும். ரெண்டா உடைச்சா உடைஞ்ச இடமும் தோலாயிரும். ஒரு திசையில போறது ஒரு மாதிரி சுழிச்சுப் போகும், எதிர்த்திசையில போறது அதுக்கு மாறாச் சுழிச்சுப் போகும், அதனால லேசுல திரும்பாது. கல்லுலதான் இதைப் பார்த்திருக்கேன். ஒரு ஊரே இப்படி இருந்து பார்க்கல." கடைசி வாக்கியத்தை, எவ்வளவு அழகு என்பதுபோல, எல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாவு மில் சோணைமுத்துவுக்கு அழகில் அக்கறை இல்லை. மில் ஓடாமல் அவர் பிழைப்பு காய்ந்துகொண்டிருந்தது. "அந்தத் தோலை மட்டும் தனியா உரிச்சு எங்க வீட்டுக்குக் கொண்டாந்துற முடியாதாம்மா?"

"முடியாதுங்க. உள்ள ஒண்ணு இருக்கிறதாலதான் அது தோலு. உள்ள இருக்கிறது போயிருச்சுன்னா தோலும் கிடையாது."

சோணைமுத்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சபையைக் கூட்டச் சொல்லி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என்னையும் தள்ளி வச்சிருங்க," என்றார். சபை சிரித்தது. குற்றம் ஒன்றும் செய்யாதவனை எப்படித் தள்ளி வைப்பது என்று தவசியாண்டி கேட்டார். "அதுவும் சரிதான்," என்ற சோணைமுத்து, சாவடியை விட்டு இறங்கி, நேராக வெள்ளத்தாய் வாசலுக்குப் போய், ஊரே பார்க்க, "நல்லாருக்கியா தங்கச்சி?" என்றார்.

சட்டம் சட்டம்தான். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தெருக்கோடியில் மில்லின் சுவர் பளிச்சென்று ஒளிர்ந்தது, மோட்டார் ஓடியது. வெள்ளத்தாய் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை அது, மாவு அரைப்பதற்காகப் பேசிய வார்த்தை. "நல்லாருக்கேண்ணே," என்றாள், "மில்லுக்குத்தானே? போய் ஓட்டுங்க."

அதற்குப் பிறகு அவள் வாசலில் ஏற்பட்டதுபோல ஒரு கூட்டம் தேர்த்திருவிழாவுக்குக்கூட உசிலங்கரையில் கூடியதில்லை. பேசினால் எரியும் என்று தெரிந்த பிறகு யார்தான் பேசாமல் இருப்பார்கள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்கள், தண்ணீர்க்குடத்தை அவள் குடத்தோடு உரச விடாதவர்கள் அவள் முற்றத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்கள். சிலர் 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டில் பல்பு எரிந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். சிலர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அதற்குப் பின்னால் இத்தனை காலமாக அடைத்துக் கிடந்த மற்ற வார்த்தைகளும் வந்துவிட, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வெள்ளத்தாய் வந்த எல்லோருக்கும் பதில் சொன்னாள், பேச வந்தவர்களுக்கும் எரிய வந்தவர்களுக்கும் அவள் வித்தியாசம் வைக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வீடு ஊரை விட்டுக் கழன்றது, கழன்ற வீட்டின் சுவர் ஒளிர்ந்தது, வெள்ளையும் மஞ்சளுமாக அந்தச் சுவர்களில் ஒளி எதிரெதிராக ஓடியது, வாரக்கணக்கில் உசிலங்கரை தீ இல்லாமல் எரிகிற ஊராக இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, சத்தம் போடாமல், கோயிலுக்குள் நிற்பதுபோலக் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தவசியாண்டி மட்டும் போகவில்லை. ஆளாளுக்குப் போய்ப் பேசுகிறார்கள், அவளைத் தூக்கி வளர்த்தவன் பேசக்கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தலைவனும் போய்விட்டால் ஊர் என்று எதைச் சொல்வது என்று மண்டை மறுத்தது. மண்டைதான் இத்தனை காலமும் ஜெயித்து வந்தது, இப்போதும் ஜெயித்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதைச் சோணைமுத்துதான் முதலில் அனுபவித்தார். மில்லைச் சுற்றி இருந்த வீடுகளும் ஊரை விட்டுக் கழன்றதும், அவர் சுவர் எல்லையாக இல்லாமல் போய் அணைந்துவிட்டது. எல்லை உள்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. வெளியே போனவர்கள், இன்னும் உள்ளே இருக்கிறவர்களின் சுவருக்கு வயர் இழுத்தார்கள்; சுவருக்குச் சொந்தக்காரர்கள் நாமும் எரியலாமே என்று தாங்களும் போய் வெள்ளத்தாயிடம் பேசினார்கள்; வயர்கள் மறுபடி அடுத்த சுவருக்கு நகர்ந்தன. எல்லோருக்கும் முந்தி எரிந்த வெள்ளத்தாயின் வீடு எப்போதோ அணைந்துவிட்டது, அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காஜா எடுத்தாள். கடைசியில் உசிலங்கரை என்ற ஊரில் தவசியாண்டியும் மயிலம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒருநாள் மத்தியானம் மயிலம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, "நான் போயி அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன். கரண்டுக்கு இல்ல. எனக்குப் பேசணும்," என்றாள்.

"போனா நீ திரும்ப இந்த வீட்டுக்குள்ள வர முடியாதே."

"தெரியும். சோத்தை சன்னல்ல வைக்கிறேன். நீங்களும் வந்துருங்களேன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய்விட்டாள்.

இப்படியாக ஊர் என்பது ஒரே வீடாக ஆனது. கண்மாய்க்கரை இருண்டது, பாலம் இருண்டது, ஊர் முழுக்க ஓடிய மின்சாரம் அத்தனையும் தவசியாண்டியின் வீட்டு வெளிச்சுவர் நான்கிலும் வந்து சேர்ந்தது. அந்தச் சுவர் எரிந்ததைப் பார்த்தவர்கள் சாகிறவரை அதை மறக்கவில்லை. நிலா வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது என்று சிலர் சொன்னார்கள், அது தவறு, வீட்டுக்குள்தான் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லையே. நாலா தெருவிலிருந்தும் வயர்கள் வந்து அந்தச் சுவரில் ஒட்டின. மில் மோட்டார், குடிதண்ணீர் மோட்டார், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் விளக்கு எல்லாம் அந்த ஒரு சுவரில் தொங்கின. பாதி ஊர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாகவே குடியிருந்தது. எல்லோரும் தள்ளி வைக்கப்பட்டவர்கள், ஆகவே எல்லோரும் ஒருவரோடு ஒருவர் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். உள்ளே இருந்த ஒருவரோடுதான் யாரும் பேச முடியாது, அவரும் பேசக்கூடாது.

ஜெசிந்தா மறுபடி வந்து சுவரை அளந்துவிட்டுச் சொன்ன சேதி வெளியே இருந்தவர்களுக்குப் பயத்தைக் கொடுத்திருந்தது. "இப்ப உள்ள இருக்கிறது அவர் ஒருத்தர்தான். அவரும் வெளியே வந்துட்டா உள்ளேன்னு ஒண்ணு இல்ல. அப்புறம் இந்தச் சுவர் வெறும் சுவர்தான்." சோணைமுத்து சன்னலுக்கு வெளியே நின்று, அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, "தலைவர் வாய் திறக்காம இருந்தா ஊருக்கு நல்லது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே இருந்த அத்தனை பேரும் 'ஊருக்கு நல்லது' என்றுதான் சொன்னார்கள், ஊரில் அவர் ஒருவரே இருந்தபோதும்.

தவசியாண்டி உள்ளே இருட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சுவரின் அந்தப் பக்கம் ஒளி ஓடுகிற குறுகுறுப்பு அவர் முதுகில் தெரிந்தது, வலமாகப் போவது ஒன்று, இடமாகப் போவது ஒன்று. அதன்மேல் பேச்சுக்குரல்கள், மயிலம்மா யாருக்கோ ரசம் வைக்கச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது, ஒரு கைக்குழந்தையின் அழுகை. இவ்வளவு சத்தத்தில் ஒரு சத்தத்தைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அது மட்டும் வரவில்லை. தள்ளி வைப்பது என்றால் என்ன என்பது, எத்தனையோ பேரைத் தள்ளி வைத்த அவருக்கு, அந்தச் சுவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. தங்கை இதில் எத்தனை வருடம் இருந்தாள் என்று எண்ணிப் பார்க்கப் பயந்தார்.

விளக்கு வைக்கிற நேரம் ஒன்றில் அவள் வந்தாள். வயர் எதுவும் கொண்டுவரவில்லை. கூட்டம் பேச்சை நிறுத்தி அவளுக்கு வழிவிட்டது, அவள் சுவரோரமாக, சரியாக அவர் சாய்ந்திருந்த இடத்துக்கு வெளியே, உட்கார்ந்தாள். துணிப்பை தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, நான்தான்," என்றாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம், பேசினா என்னாகும்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ராக்கு திருப்பூருக்கு வரச் சொல்லியிருக்கா. அவ கம்பெனியில வேலை இருக்காம், அவ கூடவே தங்கிக்கலாம்ங்கறா. ஏழு மணி பஸ்ல போறேன்."

அவள் துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்து பேசினாக, எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லல, எதுக்காகப் பேசுனாலும் பேச்சு பேச்சுதானே. எரிஞ்சதுக்கு அப்புறம் ஒருத்தரும் வரல. அது பரவாயில்ல. நீ ஒருத்தன் வருவேன்னுதான் இத்தன வருசமும் இந்த ஊர்லயே உக்காந்திருந்தேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. இனிமே உக்கார முடியாதுண்ணே, எனக்கும் வயசாகுதுல்ல. போயிட்டுத் திரும்ப வரமாட்டேன். உடம்பைப் பாத்துக்க."

அவள் எழுந்தாள், சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். உள்ளே தவசியாண்டியும் எழுந்துவிட்டார். மில் மோட்டார் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது, குடிதண்ணீர் மோட்டார் கேட்டது, பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு அவருக்காகக் காத்திருக்கிற மௌனம் கேட்டது, "தலைவரே, வேணாம்," என்று சோணைமுத்து சட்டத்தையும் மறந்து வாய்விட்டுக் கெஞ்சுவது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அவளுடைய செருப்பு நாலடி எடுத்து வைத்து நகர்கிற சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறந்தார், முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, சின்ன வயதில் தோளில் வைத்துக்கொண்டு கூப்பிட்ட பெயர் வந்தது.

"தாயி."

சுவர் உடனே அணைந்துவிடவில்லை. சுவரில் ஓடிய ஒளி ஒரு கணம் தயங்கியது, வலமாகப் போனதும் இடமாகப் போனதும் முதல்முறையாக ஒன்றையொன்று தொட்டன, தொட்டதும் கரை உடைந்த கண்மாயாக உள்ளே பாய்ந்தது. இத்தனை நாளும் ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாத அந்த வீட்டுக்குள் அம்மிக்கல் ஒளிர்ந்தது, அரிசிப்பானை ஒளிர்ந்தது, பானைக்குள் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக ஒளிர்ந்தது. வாசல் தாண்டித் தெருவில் பாய்ந்து புழுதியின் ஒவ்வொரு துகளும், வேப்பமரத்தின் ஒவ்வொரு இலையும், கட்டில்களும், ஆடுகளும், சாவடித் தூணும், கண்மாயின் அடிமட்டச் சேறும், சுடுகாட்டில் ராக்குவின் பிள்ளை கிடந்த மண்ணும், ஓரம் என்றும் நடு என்றும் இல்லாமல், உள்ளே என்றும் வெளியே என்றும் இல்லாமல், எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. ஜனங்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், கைக்குள் எலும்பு வரை வெளிச்சமாக இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்கு அப்படித் தெரிந்ததில்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கும்பிடத் தெரிந்தவர்கள் கும்பிட்டார்கள், மற்றவர்கள் சும்மா நின்றார்கள்.

பிறகு எல்லாம் அணைந்தது. மோட்டார்கள் நின்றன. உசிலங்கரை என்று ஓர் ஊர் அப்போது அங்கே இல்லை. இருட்டும், இருட்டில் ஒன்றாக நிற்கிற கொஞ்சம் மனிதர்களும்தான் இருந்தார்கள். யாரும் தவசியாண்டியைத் திட்டவில்லை. திட்டவேண்டும் என்று சோணைமுத்துவுக்குக்கூடத் தோன்றவில்லை. எல்லோரும் எதற்காகவோ காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

தவசியாண்டி இருட்டில் கையை நீட்டியபடி நின்றார். அவள் போய்விட்டாளோ என்று நினைத்தார்.

"என்னண்ணே," என்றது இருட்டு.

அவர் குரல் வந்த பக்கம் கையால் துழாவினார்.

"என்னண்ணே, கூப்பிட்டுட்டுச் சும்மா நிக்கிறே. தரை பூரா வயரா கிடக்கு, எங்கிட்டுக் கால வைக்கன்னு தெரியல. நீ பேசிக்கிட்டே இரு, சத்தத்தப் பிடிச்சு வந்துர்றேன்."

தவசியாண்டி பேச ஆரம்பித்தார்.